மார்புக்குள் விசில் அடிப்பது யார்?

குழந்தைகளே! வீட்டில் பலூன் இருந்தால் ஒன்றை எடுத்து வாருங்கள். நன்றாக ஊதுங்கள். (இளைப்பு உள்ளவர்கள் ஊத வேண்டாம். அண்ணனையோ அக்காவையோ ஊதித் தரச் சொல்லுங்கள்.) முடிச்சுப் போடாமல், பலூனின் வாயை இரண்டு கை விரல்களாலும் பிடித்து, இரண்டு பக்கமும் இழுங்கள். ‘கீ...ச்ச்’ என்று ஒரு சத்தம் வருகிறதா? இப்போது இழுப்பதை விட்டுவிடுங்கள். காற்று ‘புஸ்’ஸென்று போய்விடும். கீச்சுச் சத்தம் இருக்காது.

பலூனும் அதேதான். காற்றும் அதேதான். காற்று போகும் வழி குறுகியபோது சத்தம் வந்தது. வழி அகலமானதும் சத்தம் நின்றுவிட்டது.

நம் மார்புக்குள்ளும் சில சமயம் இதுதான் நடக்கிறது. மூச்சு விடும்போது ‘உய்... உய்...’ என்று விசில் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். ‘இளைப்பு’ என்பார்கள் சிலர். ‘இரைப்பு’ என்பார்கள் சிலர். ‘நெஞ்சுக்குள்ள பூனை கத்துது’ என்று பாட்டி சொல்வார். டாக்டர் ‘வீசிங்’ என்பார். எல்லாம் ஒன்றுதான்.

மழைக்காலம் வந்தால் சளி, இருமல், காய்ச்சல், உடல் வலி எல்லாம் வரிசையாக வருகின்றன. அதன் பின்னாலேயே பல பிள்ளைகளுக்கு இந்த விசிலும் வந்துவிடுகிறது. ஏன் வருகிறது? வந்தால் என்ன செய்ய வேண்டும்? தெரிந்துகொள்வோமா?

தலைகீழ் மரம்

நம் கழுத்தில் தொடங்கும் மூச்சுக்குழாய், மார்புக்குள் போய் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வலது நுரையீரலுக்கு. இன்னொன்று இடது நுரையீரலுக்கு. அவை ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிகின்றன. அப்புறம் மறுபடியும் இரண்டாக... இப்படி ஏறக்குறைய 23 முறை பிரிகின்றன! ஒரு மரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும். தண்டு மேலே, கிளைகள் கீழே. நுனிக் கிளைகளில் இலைகளுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள். வளர்ந்த ஒருவரின் நுரையீரல்களில் இவை 30 கோடிக்கும் மேல் உண்டு. இந்தப் பைகளில்தான் ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கிறது.

குழாய்களின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள் இருக்கின்றன. அவை வயலில் நெற்கதிர் அசைவது போல அசைந்துகொண்டே இருக்கும். நாம் சுவாசிக்கும் தூசி, சுவரில் உள்ள பசை போன்ற சளியில் ஒட்டிக்கொள்ளும். இந்த முடிகள் அந்தச் சளியை மெல்ல மெல்ல மேலே தள்ளும். தள்ள முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டால் இருமல் வரும். ஆக, இருமல் நம் எதிரி அல்ல. உள்ளே இருக்கும் குப்பையை வெளியே தள்ளும் துடைப்பம்!

சளிக்குப் பின்னால் இளைப்பு ஏன்?

சளி, காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ்கள். சாதாரணச் சளியைத் தரும் ரைனோ வைரஸில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ‘ஃப்ளூ’ காய்ச்சலைத் தருவது இன்ஃபுளுயன்சா வைரஸ். கைக்குழந்தைகளை அதிகம் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸும் உண்டு. 2020-ஆம் ஆண்டு உலகையே வீட்டுக்குள் முடக்கிய கொரோனா வைரஸையும் உங்களுக்குத் தெரியும்.

இந்த வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் இருந்து கீழே இறங்கி, கிளைக்குழாய்களுக்குப் போய்விட்டால் மூன்று விஷயங்கள் நடக்கலாம்.

ஒன்று, குழாயின் உள்சுவர் வீங்குகிறது.

இரண்டு, சளி அதிகமாகச் சுரந்து வழியை அடைக்கிறது.

மூன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, குழாயை நெரிக்கிறது.

விளைவு? வழி குறுகிவிடுகிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குழாயின் அகலம் பாதியாகக் குறைந்தால், காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்கு ஆகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. 2 x 2 x 2 x 2, அதாவது 16 மடங்கு ஆகிவிடும்! அதனால்தான் கொஞ்சம் வீங்கினாலே மூச்சு விடுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளுக்குக் குழாய்கள் சிறியவை. அவர்களுக்கு இளைப்பு சீக்கிரம் வருவதற்கும் இதுவே காரணம்.

ஒருமுறை சளி பிடித்து இளைப்பு வந்துவிட்டால் உடனே அது ஆஸ்துமா என்று முடிவு கட்டக் கூடாது. பல குழந்தைகளுக்கு வளர வளர அது நின்றுவிடும். ஆனால் சளி பிடிக்கும்போதெல்லாம் இளைப்பு வந்தால், சளியே இல்லாமல் ஓடும்போதோ, சிரிக்கும்போதோ, விடியற்காலையிலோ வந்தால், அது ஆஸ்துமாவாக இருக்கலாம். டாக்டர்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்களின் மூச்சுக்குழாய் தொட்டாற்சிணுங்கிச் செடி போன்றது. சின்னத் தூண்டுதலுக்கும் சட்டென்று சுருங்கிக்கொள்ளும்.

அந்தத் தூண்டுதல்கள் எவை? பாயிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப் பூச்சிகள், கரப்பான்பூச்சியின் எச்சம், கொசுவத்திச் சுருளின் புகை, சாம்பிராணிப் புகை, சிகரெட் புகை, போகி அன்று எரிக்கும் டயர் புகை, தீபாவளிப் பட்டாசுப் புகை, கரும்பலகையைத் துடைக்கும்போது பறக்கும் சாக்பீஸ் தூள், மார்கழி மாதக் குளிர் காற்று. எல்லாருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ‘எனக்கு எது ஆகவில்லை?’ என்று கவனித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

வேறு ஒன்றையும் நினைவில் வையுங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பொம்மையின் சிறு பாகம் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு விளையாடும்போது, சளியே இல்லாமல் திடீரென்று இருமி, இளைத்தால், அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

காகிதக் குழாயில் கேட்ட ஒலி

மார்பில் கேட்கும் சத்தத்தை வைத்தே நோயைக் கண்டுபிடிக்க வழி காட்டியவர் ரெனே லென்னக் என்ற பிரெஞ்சு டாக்டர். அவர் காலத்தில் நோயாளியின் மார்பில் காதை வைத்துத்தான் கேட்பார்கள். 1816-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்த காகிதக் கட்டை எடுத்துக் குழாய் போலச் சுருட்டினார். ஒரு முனையை அந்தப் பெண்ணின் மார்பிலும், மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். நேராகக் காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத்துடிப்பு கேட்டது!

பிறகு அதையே மரக் குழாயாகச் செய்துகொண்டார். அதுதான் முதல் ஸ்டெதஸ்கோப். விசில் போன்ற சத்தம், குமிழி வெடிப்பது போன்ற சத்தம் என்று மார்புக்குள் கேட்கும் ஒலிகளை வகை பிரித்து 1819-இல் புத்தகமாக எழுதினார். இன்று உங்கள் டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, ‘மூச்சை இழுத்து விடு’ என்று சொல்லும்போது கேட்பது இந்த ஒலிகளைத்தான்.

ஒரு சிறுமி கேட்ட கேள்வி

இளைப்புக்கு மருந்தை நேராக நுரையீரலுக்கே அனுப்பும் கருவி, இன்ஹேலர். அது இன்றைய வடிவத்தில் பிறந்ததற்கு உங்கள் வயதில் இருந்த ஒரு சிறுமிதான் காரணம் என்றால் நம்புவீர்களா?

1955-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவராக ஜார்ஜ் மேசன் என்பவர் இருந்தார். அவருடைய மகளுக்கு 13 வயது. ஆஸ்துமா இருந்தது. அந்தக் காலத்தில் மருந்தைக் கண்ணாடிக் கருவியில் ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கித்தான் உள்ளே இழுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் உடைந்துவிடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதும் சரியாகத் தெரியாது.

‘தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஒரு டப்பாவில் ஏன் வரக்கூடாது?’ என்று அந்தச் சிறுமி அப்பாவிடம் கேட்டாள்.

நல்ல கேள்விதானே! மேசன் அதை அலட்சியம் செய்யவில்லை. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கியது. வாசனைத் திரவியப் புட்டிக்காகச் செய்யப்பட்ட ஒரு வால்வை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஒருமுறை அமுக்கினால் ஒரே அளவு மருந்துதான் வரும். அடுத்த ஆண்டே, 1956-இல், அந்த இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் அதன் வழியாக மூச்சு விடுகிறார்கள்.

கேள்வி கேட்கும் பிள்ளைகளை ‘சும்மா இரு’ என்று அடக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கதை எது?

இன்ஹேலர் என்றால் பயமா?

‘இன்ஹேலர் போட்டால் அதுவே பழகிவிடும்’, ‘முற்றிப்போனவர்களுக்குத்தான் அது’ என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது தவறு. கண்ணாடி போட்டுக்கொள்பவர்களைப் பார்த்து, ‘கண்ணாடி பழகிவிடும்’ என்று யாராவது பயப்படுகிறார்களா?

ஒரு கணக்குப் போடுங்கள். இளைப்புக்குத் தரும் சால்பியூட்டமால் மருந்து, இன்ஹேலரில் ஒருமுறை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 2 மில்லிகிராம் அளவில் உண்டு. ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு மாத்திரை எத்தனை ஸ்ப்ரேவுக்குச் சமம்? ஆம், 20! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் மருந்து நேராகப் போகிறது. அதனால் கொஞ்சம் மருந்தே போதும். சீக்கிரமும் வேலை செய்யும்.

இன்ஹேலரில் இரண்டு விதம் முக்கியமானது. ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்தி உடனே மூச்சை எளிதாக்குவது. இன்னொன்று, உள்சுவரின் வீக்கத்தைக் குறைத்து, இளைப்பு மறுபடி வராமல் தடுப்பது. இரண்டாவதை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறதே’ என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதே அதனால்தான்!

பிள்ளைகளுக்கு ‘ஸ்பேசர்’ என்ற குழாயையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்த வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரின் வாயை உதடுகளால் இறுக மூடிக்கொள்ள வேண்டும். ஒருமுறை அமுக்கி, மெதுவாக மூச்சை இழுத்து, முடிந்தால் 10 எண்ணும் வரை அடக்கி, பிறகு விட வேண்டும். அடுத்த ஸ்ப்ரேவுக்கு முன் மறுபடி குலுக்க வேண்டும். தடுப்பு மருந்து என்றால் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

சரியா? தவறா?

காய்ச்சல், சளி வந்தால் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும்.
தவறு. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாத் தொற்று இருந்தால் மட்டும் டாக்டர் தருவார். ஃப்ளூவுக்கென்று வைரஸ் மருந்து உண்டு. அது யாருக்குத் தேவை என்பதையும் டாக்டரே முடிவு செய்வார்.

மருந்துக்கடையில் இருமல் சிரப் வாங்கிக் குடித்தால் போதும்.
தவறு. சிரப் இறுகிய குழாயைத் திறக்காது. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில், நச்சு இரசாயனம் கலந்திருந்த இருமல் சிரப்பைக் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். டாக்டர் சொல்லாமல் எந்தச் சிரப்பையும் குடிக்கக் கூடாது. தம்பி, தங்கைக்கும் கொடுக்கக் கூடாது.

பாட்டி தரும் தூதுவளை ரசமும், துளசித் தண்ணீரும், தேனும் நல்லது.
சரி. தொண்டைக்கு இதமாக இருக்கும். (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது.) ஆனால் மூச்சுத் திணறும்போது கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அப்போது டாக்டர்தான்.

ஆவி பிடித்தால் இளைப்பு போய்விடும்.
தவறு. மூக்கடைப்புக்குச் சற்று இதமாக இருக்கலாம். இளைப்பைத் தீர்க்காது. கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு.

காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் எந்த மாத்திரையையும் போடலாம்.
தவறு. எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால்தான் டாக்டர் சொல்வார். ஃப்ளூ காய்ச்சலில் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. அது மூளையையும் ஈரலையும் பாதிக்கும் அபூர்வமான, ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம்.

சாதாரண ஃப்ளூவுக்கு ஓய்வு, போதிய தண்ணீர், கஞ்சி போன்ற எளிய உணவு, நல்ல தூக்கம் இவைதான் முதல் வைத்தியம். காய்ச்சல் பெரும்பாலும் சில நாட்களில் இறங்கிவிடும். இருமல் போக இன்னும் சில நாட்கள் ஆகும். ஆனால் இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் கட்டாயம் காட்ட வேண்டும். காசநோயா என்று பார்க்கும் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

உடனே சொல்ல வேண்டிய அடையாளங்கள்

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

* ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியவில்லை.
* மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே போகிறது.
* உதடோ நகமோ நீலமாக இருக்கிறது.
* 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடுகிறது.
* இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை.
* மயக்கம் போலச் சோர்ந்து கிடக்கிறது. தண்ணீர்கூட இறங்கவில்லை.
* மூச்சுத் திணறல் அப்படியே இருக்க, விசில் சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

கடைசி அடையாளத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறீர்களா? சத்தம் நின்றால் நல்லதுதானே என்று தோன்றும். பலூனின் வாயை முழுதாக இறுக்கிப் பிடித்தால் சத்தம் வருமா? வராது. ஏனென்றால் காற்றே வரவில்லை! அதனால் திணறல் இருக்கும்போது சத்தம் அடங்கினால் அதுதான் பெரிய ஆபத்து.

இவற்றில் எது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். இறுக்கமான சட்டைப் பொத்தானைக் கழற்றுங்கள். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கும் முறைப்படி இன்ஹேலர் கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பில் நண்பனுக்கு இப்படி ஆனால், அவனைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். ஒருவர் அவனுடன் இருங்கள். ஒருவர் ஓடிப்போய் ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

மறைக்காதீர்கள்!

வகுப்பறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இன்ஹேலரைப் புத்தகப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளித்து வைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘இளைப்புக்காரன்’ என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று பயம். விளையாட்டு வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்று பயம். அம்மா கவலைப்படுவாள் என்று சொல்லாமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

ஜாக்கி ஜாய்னர் கெர்ஸி என்ற அமெரிக்க வீராங்கனையும் முதலில் இப்படித்தான் இருந்தார். கல்லூரியில் படிக்கும்போது ஆஸ்துமா என்று தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மருந்தையும் ஒழுங்காக எடுக்கவில்லை. கடுமையான மூச்சுத் திணறல் வந்து அவதிப்பட்ட பிறகுதான் வழிக்கு வந்தார். 1988-இல் சியோல் ஒலிம்பிக்ஸில் நீளம் தாண்டுதலிலும், ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானிலும் தங்கம் வென்றார். ஹெப்டத்லானில் அவர் எடுத்த 7,291 புள்ளிகள் உலக சாதனை. 1992-இல் பார்சிலோனாவில் மறுபடியும் ஹெப்டத்லான் தங்கம்! ஆஸ்துமா அவரை நிறுத்தவில்லை. மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் நிறுத்தியிருக்கும்.

இளைப்பு இல்லாத பிள்ளைகளே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. கேலி செய்யாதீர்கள். நண்பனின் இன்ஹேலர் பையில் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இருமல், தும்மல் வந்தால் கைக்குட்டையாலோ மடக்கிய முழங்கையாலோ வாயை மூடுங்கள். சாப்பிடும் முன்பும், மூக்கைச் சிந்திய பின்பும் சோப்புப் போட்டு 20 நொடிகள் கை கழுவுங்கள். காய்ச்சல் இருக்கும்போது ‘லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போய்விடும்’ என்று வகுப்புக்கு வராதீர்கள். உங்களுக்கு இரண்டு நாள் சளியாகப் போவது, பக்கத்து பெஞ்சுத் தோழிக்கு ஆஸ்பத்திரியில் படுக்கும் இளைப்பாக மாறலாம். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால், ‘எனக்காக விடுங்கப்பா’ என்று கேளுங்கள். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி உங்களுக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். 1998 முதல் நடக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு இளைப்பு இருந்தால் இன்று இரவே அம்மாவிடமோ அப்பாவிடமோ, நாளை காலை வகுப்பாசிரியரிடமோ சொல்லிவிடுங்கள். ‘எனக்கு இளைப்பு உண்டு. என் மருந்து இங்கே இருக்கிறது’ என்று இரண்டே வாக்கியம். அவ்வளவுதான். சொல்வீர்கள் அல்லவா?